அச்செடுத்த காதும் அளக்கப்படாத ஒலியும்

உயர்விலைக் காதளவு இயர்போன்களைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை மதிப்புரைகளே அல்ல என்பது எங்கள் துணிபு. அவை வாங்கியவரின் மகிழ்ச்சிக் குறிப்புகள். பல வேளைகளில் விற்பவரின் விளம்பரத்துக்கு வாங்கியவரே தம் செலவில் எழுதித்தரும் பிற்சேர்க்கைகள். மதிப்பிடுதல் என்ற சொல்லுக்குக் குறைந்தபட்சப் பொருள் ஒன்று உண்டு. மதிப்பிடப்படும் பொருள் தோற்றுப்போகவும் வழியிருக்க வேண்டும். தோற்கவே இயலாத தேர்வில் ஒருவர் முதல் வகுப்பில் தேறினார் என்பது செய்தியாகாது. காதளவு இயர்போன்களின் உலகம் அத்தகைய தேர்வைத்தான் ஆண்டுக்கணக்காக நடத்தி, எல்லோருக்கும் முதல் வகுப்பு வழங்கிக்கொண்டிருக்கிறது.

இலக்கியம் பேசும் இடத்தில் இயர்போனுக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். இரண்டு காரணங்கள் சொல்வோம். முதலாவது, இசை கேட்பவர்கள் நம்மில் மிகுதி; அவர்களில் சிலர் இந்தக் கருவிகளுக்காகப் பெருந்தொகையை எடுத்துவைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். உச்சியில் இருப்பவற்றின் விலை 3,000 டாலரைத் தொடுகிறது. நம் கணக்கில் இரண்டரை லட்சம் ரூபாய்க்கும் மேல். இரண்டாவது, அந்தத் தொகையைச் செலவிடச் செய்வது சொல். கேட்டுப் பார்க்காமல், படித்துப் பார்த்து வாங்கும் பொருள் இது. சொல் எங்கே பொருளை விட்டு விலகி விலையோடு சேர்ந்துகொள்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலைதான்.

*

முதலில் பொருள் இன்னது என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். கடையில் வாங்கும் இயர்போனுக்கு முனையில் ரப்பர் அல்லது நுரைத் தொப்பி இருக்கும். மூன்று நான்கு அளவுகளில் எது பொருந்துகிறதோ அதைப் போட்டுக்கொள்கிறோம். காதளவு இயர்போனில் அந்தத் தொப்பி கிடையாது. அணிபவரின் காதே அச்சாகிறது. செவித்திறன் நிபுணர் காதுக் குழலுக்குள் நூல் கட்டிய சிறு பஞ்சையோ நுரைத்துண்டையோ வைத்துச் செவிப்பறையைக் காப்பார். பின் ஊசிக்குழாயால் சிலிக்கான் கலவையைச் செலுத்துவார். சில நிமிடங்களில் அது இறுகும். வாயை அகலத் திறந்து, பற்களுக்கிடையே ஒரு கட்டையைக் கடித்தபடி இருக்கச் சொல்வது பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். தாடை அசையும்போது குழலின் வடிவம் மாறுகிறது என்பதே காரணம். குழலில் இரு வளைவுகள் உண்டு. அச்சு இரண்டாம் வளைவைத் தாண்டி இருக்க வேண்டும் என்பார்கள். அந்த அச்சை முப்பரிமாணத்தில் வருடிப் படமாக்கி, பிசினால் ஓடு செய்து, உள்ளே நுண்ணிய ஒலிப்பான்களையும் அவற்றிலிருந்து வரும் குழாய்களையும் பொருத்துவார்கள்.

இந்தத் தொழிலின் ஒவ்வோர் உறுப்பும் காது கேட்கும் கருவிகளின் உலகிலிருந்து வந்தது. உள்ளே இருக்கும் பேலன்ஸ்டு ஆர்மச்சூர் என்னும் நுண் ஒலிப்பான் காது கேட்கும் கருவிக்காகவே வளர்த்தெடுக்கப்பட்டது. நோல்ஸ் போன்ற நிறுவனங்கள் இரு துறைகளுக்கும் அதை விற்கின்றன. காதுக்குள் செருகி உயர்தர இசை கேட்கலாம் என்று காட்டிய இஆர்-4 இயர்போன் 1991இல் வந்தது. அதைச் செய்த எட்டிமோடிக் நிறுவனத்தைத் தொடங்கியவர் மீட் கில்லியன், காது கேட்கும் கருவிகளின் ஆராய்ச்சியில் ஊறியவர். 1995இல் வான் ஹேலன் இசைக்குழுவின் மேடை ஒலிப் பொறியாளர் ஜெரி ஹார்வி, இரைச்சலில் தன்னையே கேட்க முடியாமல் தவித்த டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக ஒரு ஜோடி செய்து கொடுத்தார். அதிலிருந்து அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் பிறந்தது. தொடக்கக் காலத்தில் அதற்குத் தயாரிப்பில் துணைநின்ற வெஸ்டோன், காது அச்சு வார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட பழைய நிறுவனம். ஜப்பானின் ஃபிட்இயர் இயர்போன்களைச் செய்வது ஒரு பல் மருத்துவ ஆய்வகம். பல் அச்சு வார்த்த கைகள் காது அச்சு வார்க்கின்றன.

ஒலிப்பான், அச்சு, ஓடு, வார்க்கும் கை எல்லாவற்றையும் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். நல்ல செவித்திறன் நிபுணர் ஒருவர் காது கேட்கும் கருவியைப் பொருத்திவிட்டு, “கேட்கிறதா, நன்றாக இருக்கிறதா” என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. மெல்லிய குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு அருகே செலுத்தி, கருவி அணிந்த நிலையில் அந்தக் காதுக்குள் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளந்து பார்க்கிறார். குறி தவறியிருந்தால் திருத்துகிறார். பல பத்தாண்டுகளாக இருக்கும் முறை இது. இதே காதில், இதே நிபுணர் எடுத்த அச்சில் வார்த்த 3,000 டாலர் இயர்போனுக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் நடப்பதில்லை. பெட்டியில் வருகிறது, அணிகிறோம், புகழ்கிறோம். ஒருவரின் காதுக்கென்றே செய்ததாகச் சொல்லி விற்கும் பொருள், அந்த ஒருவரின் காதில் என்ன செய்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் முதன்மைக் குற்றச்சாட்டு இதுதான். மற்றவை இதன் கிளைகள்.

*

வடிவத்துக்கு அளவெடுத்தது ஒலிக்கும் அளவெடுத்ததாகாது. திறந்த காது இயல்பாகவே 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைப் பெருக்கித் தருகிறது. காதை அடைத்தவுடன் அந்தப் பெருக்கம் போய்விடும். இயர்போன் அதை ஈடுசெய்ய வேண்டும். எவ்வளவு ஈடுசெய்வது என்பது காதுக்குக் காது மாறும். அடைத்த குழலில் மிஞ்சும் நீளத்துக்கேற்ப மேல் அதிர்வெண்களில் வேறொரு முழக்கமும் எழும். அதுவும் ஆளுக்கு ஆள் இடம் மாறும். ஓடு உங்கள் காதுக்கு வார்த்தது. ஆனால் ஒலியின் வடிவம் எல்லோருக்கும் பொதுவான ஒன்று. சட்டையை உடம்புக்குத் தைத்துவிட்டுக் கண்ணாடியின் பவரை எல்லோருக்கும் ஒன்றாக வைத்ததைப் போன்றது இது. ‘உங்களுக்காகவே’ என்ற சொல் பாதி உண்மை. விலை முழுதாக வாங்கப்படுகிறது.

இந்நிலையில் ஒருவர் தம் காதளவு இயர்போனைப் பற்றி எழுதும் மதிப்புரை யாருக்குப் பயன்படும்? அவர் கேட்டது அவர் காதில் அமர்ந்த ஒரு பொருளை. நீங்கள் வாங்கப்போவது உங்கள் காதில் அமரப்போகும் வேறொரு பொருளை. அச்சு ஒரு மில்லிமீட்டர் ஆழம் குறைந்தாலும், ஓரத்தில் இம்மி இடைவெளி விட்டாலும், தாழ்ந்த ஒலி வடிந்துபோகும். சிலர் கடையில் ரப்பர் முனை போட்ட மாதிரியைக் கேட்டுவிட்டுக் காதளவுக்குப் பணம் கட்டுகிறார்கள். அந்த மாதிரி ஓர் ஆழத்தில் அமர்கிறது. வரப்போவது இன்னோர் ஆழத்தில் அமரும். மதிப்புரையாளர் இவற்றை அறியாதவர் அல்லர். அறிந்தும், கட்டுரையின் கடைசியில் ஒரு வரியில் “காதுக்குக் காது மாறலாம்” என்று சொல்லிவிட்டு, அதற்கு முன் இருபது பத்திகளில் மாறவே மாறாதது போல எழுதுகிறார்.

அடுத்தது, கண்ணின் சாட்சி. 1994இல் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒலிபெருக்கிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே கேட்போர், ஒரே ஒலிபெருக்கிகள். ஒருமுறை திரைக்குப் பின்னால், ஒருமுறை கண்ணெதிரே. பார்த்துக் கேட்டபோது மதிப்பெண்கள் மாறின. தோற்றமும் பெயரும் காதுக்குள் புகுந்துகொண்டன. அனுபவமுள்ள கேட்போரும் இதற்கு விலக்கில்லை. காதளவு இயர்போனிலோ திரை போடவே வழியில்லை. அணிந்த நொடியிலேயே இது தம்முடையது என்று தோல் சொல்லிவிடும். ஓட்டின் மேல் தம் பெயரெழுத்து, தாம் தேர்ந்த மரத்தகடு, தாம் தேர்ந்த நிறம். இவற்றோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சு கொடுத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் குறித்த நாள்களுக்குள் திருத்தித் தருவார்கள். ஒலி பிடிக்காவிட்டால் பொதுவாகப் பணம் திரும்பாது. இன்னொருவருக்கு விற்கவும் முடியாது. விற்றால், வாங்குபவர் ஓட்டை மாற்றத் தனியே செலவிட வேண்டும். காத்திருந்து, பெருந்தொகை கொடுத்து, திருப்பித்தர வழியில்லாத பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது சுமார்தான்’ என்று எழுதும் நெஞ்சுரம் எத்தனை பேருக்கு வரும்? குறை தனிமனிதரின் நேர்மையில் இல்லை. அந்த மனிதரை நிறுத்தியிருக்கும் இடம் அப்படி.

மூன்றாவது, எண்ணிக்கை மயக்கம். கில்லியனின் இஆர்-4இல் காதுக்கு ஒரே ஓர் ஒலிப்பான். ஹார்வி பின்னாளில் தொடங்கிய ஜேஎச் ஆடியோவின் லைலாவில் காதுக்குப் 12. 64 ஆடியோவின் ஏ18டி என்ற மாதிரியில் 18. ஒன்றுக்கு மேற்பட்டவை இருப்பதில் நியாயம் உண்டு. தாழ்ந்த ஒலிக்கு ஒன்றும் உயர்ந்த ஒலிக்கு ஒன்றும் எனப் பிரித்தால் ஒவ்வொன்றின் சுமையும் குறையும். ஆனால் பிரித்தவற்றைத் தடையில்லாமல் சேர்ப்பதும் கடினமாகும். எண்ணிக்கை வடிவமைப்பாளருக்கு ஒரு கருவி. விளம்பரத்துக்கு அதுவே சாதனை. மதிப்புரையாளருக்கு அதுவே முதல் பத்தி. நாவலைப் பக்க எண்ணிக்கையால் மதிப்பிடும் விமரிசகரை நாம் என்ன சொல்லி அழைப்போம்?

விலைக்கும் ஒலிக்கும் உள்ள உறவைப் பற்றி வெறும் ஊகம் பேச வேண்டியதில்லை. யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 2017இல் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை, காதுக்குள் செருகுபவையும் உள்ளிட்டவற்றை, விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அதிர்வெண் இயல்புக்கும் விலைக்கும் தொடர்பு தென்படவில்லை. இது எல்லாத் தரத்தையும் பற்றிய தீர்ப்பு அன்று. உழைப்பு, நீடித்த ஆயுள், பொருந்தும் சுகம் ஆகியவை அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் ஒலியின் நிறத்தைத் தீர்மானிப்பதில் முதலிடம் வகிக்கும் இயல்பு விலையோடு உயரவில்லை என்பதை மறைக்க முடியாது. 2022இல் சீனாவின் மூன்டிராப் நிறுவனம் ‘சூ’ என்ற இயர்போனை 20 டாலரை ஒட்டிய விலையில் வெளியிட்டது. காதுக்கு ஒரே ஒலிப்பான். நூறு மடங்கு விலையுள்ள கருவிக்கு எழுதும்போது இத்தகைய ஒன்றை அருகில் வைத்து, ஒலியளவைச் சமமாக்கி, ‘வேறுபாடு இன்னின்ன இடத்தில் இவ்வளவு’ என்று எழுதிய மதிப்புரைகள் அரிதினும் அரிது. ஏன் எழுதுவதில்லை என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகிறோம்.

நான்காவது, எதில் கேட்டோம் என்ற கேள்வி. பல ஒலிப்பான்கள் கொண்ட இயர்போன்களின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் பெரிதும் ஏறி இறங்கும். அவற்றை இயக்கும் கருவியின் வெளியீட்டு மின்மறுப்பு கூடுதலாக இருந்தால், ஓம் விதிப்படி ஒலியின் நிறமே மாறிவிடும். ஆகவே இரு வேறு கருவிகளில் கேட்ட இருவர் ஒரே இயர்போனைக் கேட்டவர்கள் ஆகார். கேபிளை மாற்றியதும் ‘உலகமே மாறியது’ என்று எழுதுபவருக்குச் சில வேளைகளில் உண்மையாகவே மாற்றம் கேட்டிருக்கும்; காரணம் வெள்ளிக் கம்பியின் ஆன்மா அன்று, ஓரிரு ஓம் மின்தடை. அதை மீட்டர் வைத்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் கேபிள் விலை போகாது.

*

இனி மொழிக்கு வருவோம். ‘திரை விலகியது’, ‘மேடை அகன்றது’, ‘இருண்ட பின்னணியிலிருந்து குரல் எழுந்தது’, ‘காற்றோட்டம் மிகுந்த உச்சம்’. உருவகம் பாவமன்று, ஒலியைப் பேச உருவகம் வேண்டும். ஆனால் உருவகத்துக்குப் பின்னால் ஒரு பொருள் நிற்க வேண்டும். திரை விலகியது என்பது பல வேளைகளில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி ஓரிரு டெசிபல் கூடியிருப்பது. வெதுவெதுப்பு என்பது 200 ஹெர்ட்ஸ் அருகே சற்றுத் தடித்திருப்பது. காற்றோட்டம் என்பது 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி மிச்சமிருப்பது. இவற்றைச் சொன்னால் வாசகர் தம் கைப்பேசியின் ஈக்வலைசரிலேயே சோதித்துப் பார்த்துக்கொள்வார். சொல்லாமல் விட்டால் மர்மம் நிலைக்கும். மர்மத்துக்கு விலை உண்டு.

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்தத் தெளிவின்மை இன்னும் பொருந்தாது. எழுத்தொலி எந்த உறுப்பில் எப்படிப் பிறக்கிறது என்று பிறப்பியலில் தனி இயலே வகுத்த தொல்காப்பியம் நம்முடையது. மார்கழியில் அரங்கின் பின்வரிசையில் அமர்ந்து, தம்பூரா அரைக்கால் கலைந்ததைப் பிடித்துவிடும் ரசிகர்கள் நம்மிடையே உண்டு. அவர்களிடம் ‘வெண்ணெய் போன்ற நடு ஸ்தாயி’ என்று சொல்லித் தப்ப முடியாது. மிருதங்கத்தின் தொப்பியில் கை அழுந்தி இழுக்கும்போது எழும் கும்கி முழுதாகக் கேட்கிறதா, பாடகரின் குரல் நின்ற இடத்தில் தம்பூராவின் ரீங்காரம் தொடர்கிறதா, வயலின் வில் திரும்பும் ஓசை கூர்ந்து குத்துகிறதா என்று கேட்பார்கள். இவை ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்விகள். ஆகையால்தான் மதிப்புரைகளில் இவை வருவதில்லை.

*

எதிர்த்தரப்பில் இரண்டு வாதங்கள் உண்டு. ‘அளவீடு எல்லாவற்றையும் சொல்லாது’ என்பது முதலாவது. ஒப்புக்கொள்கிறோம். இயர்போன்களை அளக்க நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் செயற்கைக் காது 1981ஆம் ஆண்டின் தர நிர்ணயத்தில் வேர்கொண்டது. உயர் அதிர்வெண்களில் அது மனிதக் காதைப் போல நடந்துகொள்வதாக உறுதி தரவில்லை. ஒருவர் காதுக்கு வார்த்த ஓடு அந்த உலோகக் குழாய்க்குள் அமராது. களிமண் போன்ற பசையால் இடைவெளியை அடைத்து அளக்கிறார்கள். இவையெல்லாம் உண்மையே. ஆனால் இந்த வாதம் யாருக்கு எதிராகப் பாய்கிறது? அளவீட்டுக்கே இவ்வளவு ஐயம் என்றால், கண்ணும் பணமும் காத்திருப்பும் கலந்த ஒரு தனிமனிதரின் நினைவுக்கு எவ்வளவு ஐயம் வேண்டும்? தவிர, மறைத்துக் கேட்கவும் வழியுண்டு. ஆலிவும் அவருடைய ஹார்மன் ஆய்வுக் குழுவினரும் கேட்போருக்கு ஒரே இயர்போனை அணிவித்து, பல மாதிரிகளின் அதிர்வெண் இயல்பை மென்பொருளால் அதில் வரவழைத்து, எது எதுவென்று தெரியாமலே மதிப்பிடச் செய்தார்கள். 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குறைகள் அதிலும் உண்டு. ஆனாலும் தோற்க வழியுள்ள தேர்வு அது.

‘என் பணம், என் காது, என் இன்பம், உங்களுக்கென்ன’ என்பது இரண்டாவது. இன்பத்தில் நாங்கள் தலையிடவில்லை. நகை வாங்குபவரிடம் எடைக்கு மேல் ஏன் கொடுத்தீர் என்று யாரும் வழக்காடுவதில்லை. அழகிய ஓட்டைக் காதில் அணிந்து மகிழ்பவர் மகிழட்டும். ஆனால் அந்த மகிழ்ச்சியை ஒலியின் உண்மை என்று பிறருக்கு எழுதித்தரும் கணத்தில் அது தனிச் சொத்து அன்று. அதை நம்பி ஓர் இளைஞர் தம் இரண்டு மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டுகிறார். அப்போது கேள்வி கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

*

காதளவு இயர்போனே வேண்டாம் என்பது எங்கள் கட்சியன்று. அதில் மெய்யான நன்மை ஒன்று இருக்கிறது. வேடிக்கை என்னவெனில், மதிப்புரைகள் ஒரு வரியில் கடந்துபோவது அதைத்தான். நன்றாக அமர்ந்த காதளவு ஓடு வெளி இரைச்சலைச் சுமார் 25 டெசிபல் அளவுக்குத் தடுக்கும். இரைச்சல் தடைப்பட்டால் இசையை உரக்க வைக்க வேண்டியதில்லை. அலெக்ஸ் வான் ஹேலனுக்கு வேண்டியிருந்தது இதுதான். பேருந்திலும் ரயிலிலும் இசை கேட்பவருக்கு வேண்டியதும் இதுதான். உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட தர நிர்ணயப்படி, வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 92 டெசிபலில் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான் மிஞ்சும். 12 முதல் 35 வயது வரையுள்ளவர்களில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக 2022இல் அந்தச் சுகாதார நிறுவனம் எச்சரித்தது. போன செவிப்புலன் திரும்பாது. எந்த விலையுள்ள இயர்போனும் அதற்குப் பின் பயன்படாது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஓடு எவ்வளவு இரைச்சலைத் தடுக்கிறது? பேசும்போதும் மெல்லும்போதும் அடைப்பு விலகுகிறதா? மூன்று மணி நேரம் கழித்து வலிக்கிறதா? உடல் எடை கூடிக் குறைந்த பின்னும் பொருந்துகிறதா? ஆழமாகச் செருகும் சாதாரண ரப்பர் முனைகளோடு ஒப்பிட்டால் என்ன கூடுதல் நன்மை? சில ரப்பர் முனைகள் இரைச்சலைத் தடுப்பதில் காதளவு ஓட்டுக்குச் சற்றும் குறைந்தவையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சொந்தமாக வாங்கியதா, நிறுவனம் கொடுத்ததா? ஒலியளவைச் சமமாக்கித்தான் ஒப்பிட்டார்களா? எந்தக் கருவியில், எந்தக் கேபிளில் கேட்டார்கள்? ஆறு மாதம் கழித்து மீண்டும் எழுதுவார்களா? இவற்றுக்கு விடை தரும் மதிப்புரை ஒன்றைக் காட்டினால், அதை எழுதியவரைப் பாராட்டி இதே இடத்தில் எழுதக் காத்திருக்கிறோம்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். அச்சு எடுக்கும் செவித்திறன் நிபுணரிடம் முதலில் உங்கள் செவித்திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள். இயர்போன் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு அவரிடமே திரும்பச் சென்று, காதுக்குள் அளந்து தர முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அந்த வரைபடம் நூறு மதிப்புரைகளுக்கு மேல் உங்களுக்குச் சொல்லும். அப்படி அளக்க ஒப்பாத நிறுவனம், உங்களுக்காகவே செய்தோம் என்று சொல்லும்போது, எதைச் செய்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.